சுழி பார்க்காமல் வாங்கிய மாடு

சுங்கை பாக்காப் கடைத்தெரு எனக்குப் பின்னால் போய் வெகு நேரமாகியிருந்தது. வடக்கே போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணி மூட்டை, இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் ஒரு சுருக்குப்பை. பையில் ஐம்பது வெள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், பால் ஏற்றும் மாட்டு வண்டியை ஓட்டியும் ஐந்தாறு வருஷத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். ரப்பர் விலை விழுந்துவிட்டது, இனி வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்றார்கள். அந்தப் பாதி நாளுக்காக மீதிப் பாதியைச் சும்மா உட்கார்ந்து கழிக்க எனக்கு முடியாது. கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது கங்காணி பணத்தைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்டா."

"ஊர்ல வாங்கிக்க யாரும் இல்லீங்க."

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும்."

அவரிடம் இருக்கட்டும் என்று விட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் இன்னும் தோட்டத்துக் குடியிருப்பு லயத்தில்தான் இருந்தார்கள். பணத்தை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் இருந்தார்களோ என்னவோ. நான் கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.

பணத்தை என்ன செய்வது என்பது அதுவரை எனக்கு ஒரு கேள்வியாக இருந்ததில்லை. தகர டப்பாவில் கிடந்தது, அவ்வளவுதான். இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும்போது அது பேச ஆரம்பித்தது. வேலை கிடைக்காத நாட்களில் இது கரையும். கரைவதற்குள் எதிலாவது போட்டு, அதிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு வரும்படி செய்துவிட்டால், விடியும் முன்னே பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் வாழ்க்கை முடிந்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எதில் போடுவது என்பதுதான் தெரியவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

புக்கிட் தெங்கா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மலாய்க்காரரோடு சேர்ந்துகொண்டேன். அவர் ஒரு செவலைக் காளையைப் பிடித்துக்கொண்டு போனார். பிறை போய், தொங்கான் படகில் ஏற்றி, பினாங்கில் விற்கப் போகிறாராம். எனக்குத் தெரிந்த மலாயில் பேசிக்கொண்டே போனோம். பேச்சு தீர்ந்த பிறகு காளையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பின்னங்கால் முன்னங்கால் வைத்த இடத்திலேயே விழுந்தது. பால் வண்டி ஓட்டியவனுக்கு அதன் அருமை தெரியும். அப்படி நடக்கிற மாடு சுமையோடு தடுமாறாது.

வழியில் ஒரு நெல் வண்டி சாலையோரச் சேற்றில் இறங்கிப்போய் நின்றது. வண்டிக்காரன் திட்டித் திட்டிக் களைத்துப் போயிருந்தான். மலாய்க்காரர் தன் காளையை முன்னால் கட்டினார். அது தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. வண்டி ஏதோ தானே நினைத்துக்கொண்டது போல மேலே வந்துவிட்டது.

இதை வாங்கலாம் என்று எனக்கு அங்கேயே தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாடு வைத்து என்ன செய்வார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கில் இறங்கியதும் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கோப்பிக்கடையில் விசாரித்தேன். இரட்டை மாட்டு வண்டிகள்தான் துறையிலிருந்து கிட்டங்கிகளுக்குச் சரக்கு இழுத்தன. ஒற்றை மாடு வைத்திருப்பவன் இன்னொரு ஒற்றை மாட்டுக்காரனோடு கூட்டுச் சேர்ந்து நுகத்தில் பூட்டுவான். வண்டி யாருடையதோ அவனுக்கு ஒரு பங்கு, மாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. அப்படிப் பாதி வண்டிக்குச் சொந்தக்காரனாக இருந்து பிழைப்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு மாட்டு விலைக்கு என்னிடம் பணம் இருந்தது.

"மாடு வாங்கணும்னா அவர்கிட்டப் பேசுங்க" என்று கடைக்காரர் ஓரத்து மேசையைக் காட்டினார்.

அங்கே என்னைவிடச் சின்னவராக ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, வெளுத்த சட்டை, கைலி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். மாடு, கொட்டைப்பாக்கு, கொப்பரை, எதுவானாலும் அவர் வாங்கித் தருவார், விற்றுத் தருவார். துறைமுகக் கூலிகளின் பணத்தைச் சேர்த்துச் சரக்கில் போட்டு, லாபத்தைப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

"எவ்வளவு வச்சிருக்கீங்கண்ணே?" என்றார்.

"இருக்கு."

"சரி, இருக்கட்டும். மாடு எதுக்கு? தீனி போடணும், கொட்டகை வாடகை, ஒரு நாள் படுத்துக்கிச்சுன்னா உங்க முதலும் படுத்துக்கும். பாக்குல போடுங்க. மூட்டை கிட்டங்கியில இருக்கும். எப்ப வேணும்னாலும் போய்த் தொட்டுப் பார்த்துட்டு வரலாம்."

"தொட்டுப் பார்த்தா வயிறு நிறையுமா?"

"விலை ஏறினா நிறையும்."

"இறங்கினா?"

"இறங்கினா பசிக்கும்லா." அவர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதனாலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"உங்களுக்கு என்ன கிடைக்கும் தம்பி?"

"இருபதுக்கு ஒண்ணு. வாங்குறவர் கொடுப்பார், விக்கிறவரும் கொடுப்பார்."

"ரெண்டு பேரும் கொடுத்தா நீங்க யார் பக்கம்?"

"நடுவுல" என்று மேசையின் நடுவில் விரலை வைத்தார்.

அந்தப் பதில் என் மனத்தில் மாட்டிக்கொண்டது. எனக்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் இவருக்கு ஒரே காசு. கங்காணியாவது பணத்தை எடுத்துக்கொள்வார் என்று தெரிந்திருந்தது. இவர் எடுத்துக்கொள்ளவும் மாட்டார், என்னோடு சேர்ந்து இழக்கவும் மாட்டார். இப்படி ஒரு மனிதரை நம்புவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? அன்று இரவு துறைக்குப் பக்கத்தில் ஒரு வண்டிக் கொட்டகை ஓரத்தில் படுத்துக்கொண்டு அதையே புரட்டிப் பார்த்தேன். விடை வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

மறுநாள் அவரைச் செவலையிடம் அழைத்துப் போனேன். டத்தோ கெராமத் பக்கம் ஒரு மரத்தடியில் மலாய்க்காரர் அதைக் கட்டியிருந்தார். தரகர் பல்லைப் பார்த்தார். காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். சுற்றி வந்து, பின் முதுகில் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் கையை வைத்து, ரோமத்தை விரலால் நீவினார். அங்கே ரோமம் ஒரு சுழலாகச் சுருண்டிருந்தது.

"நல்ல மாடு. வேணாம்" என்றார்.

"நல்ல மாடு எதுக்கு வேணாம்?"

"பெண்டிழந்தான் சுழி இருக்கு."

நான் அந்தப் பெயரைக் கேட்டிருந்தேன். அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டுகிறவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான் என்பார்கள். எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை, அதனால் சுழிகளைப் பற்றி அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தோட்டத்து மாடு துரையுடையது. அதற்குச் சுழி பார்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"நீங்க சுழியெல்லாம் நம்புறீங்களா தம்பி?"

"நான் அஞ்சு வேளை தொழுறவன்ணே. எனக்கேது சுழி? வண்டிக்காரங்க பார்ப்பாங்க."

"எனக்குத்தான் பெண்டாட்டியே இல்லையே. இருந்தாத்தானே பறிகொடுக்க?"

"உங்களுக்கு இல்ல சரி. சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவர் போய்விட்டார். நான் மரத்தடியில் நின்று யோசித்தேன். மலாய்க்காரர் தானே விற்கிறார், தரகருக்கு எதுவும் கொடுக்கப் போவதில்லை என்று எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தார். நான் நேராக வாங்கினால் என்னிடமிருந்தும் தரகருக்கு எதுவும் வராது. இரண்டு பக்கமும் காசு இல்லாத மாட்டை அவர் எப்படி வேண்டும் என்பார்? பாக்கு மூட்டையை வேண்டும் என்றவர்தானே? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. தவிர, அந்தக் காளை சேற்றிலிருந்து வண்டியை இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தவன், அவர் பார்க்கவில்லை.

முப்பத்தெட்டு வெள்ளிக்கு முடித்தேன். தரகு மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அன்று மத்தியானம் மீன் குழம்போடு சாப்பிட்டேன்.

கூட்டுக்கு ஆள் உடனே கிடைத்தது. வண்டித்துறையில் ஒருவருக்கு ஒரு மாடு செத்து, வண்டி சும்மா நின்றது. குட்டையான மனிதர், எந்நேரமும் வெற்றிலை. என் காளையின் திமிலையும் தன் மாட்டின் திமிலையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தார். உயரம் சரியாக இருந்தது. அவசரத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பூட்டினோம். தொங்கானிலிருந்து இறக்கிய சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனோம். மேட்டில் அவருடைய மாடு இளைத்தது. என்னுடையது அதையும் சேர்த்து இழுத்தது.

"எங்கய்யா புடிச்ச இதை? மாடா இது, ரயிலுலா!" என்றார் அவர். நான் வானத்தில் நடந்தேன்.

மத்தியானம் அவர் மனைவி சோறு கொண்டு வந்தார். நெடிய பெண், குரலும் நெடியது. சோற்றுச் சட்டியை வண்டியில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"யோவ். இங்க வா."

"என்னா புள்ள?"

"இது என்னா?"

வெற்றிலைக்காரர் வந்து பார்த்தார். மெல்லுவது நின்றது.

"என்னை ஒழிச்சுக் கட்டப் பார்க்கிறியா நீ?"

"ஐயோ, நான் பார்க்கல புள்ள! சத்தியமா பார்க்கல!"

"பார்க்கலியா? பணியாரம் மாதிரி இருக்கு முதுகுல, பார்க்கலியா?"

பக்கத்து வண்டியிலிருந்து ஒருவன், "அக்கா, பார்த்துட்டுத்தான் கட்டியிருப்பார்" என்றான். துறை முழுக்கச் சிரிப்பு. வெற்றிலைக்காரர் அவனை அடிக்கப் போனார். அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லக்கா."

"எப்படி ஆகும்? இதைக் கட்டிக்கிட்டு எந்த வீட்டு வாசல்லயாவது போய் நின்னு பாரு."

சோறு ஆறுவதற்குள் நுகம் இறங்கிவிட்டது. வெற்றிலைக்காரர் காலை நேரத்துப் பங்கை என் கையில் வைத்து, "மாடு நல்ல மாடு, தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். தரகர் சொன்ன அதே வார்த்தை.

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். மனைவி இருப்பவர்கள் மாட்டார்கள் என்பது புரிந்தது. மனைவி இல்லாதவர்கள், இனிமேல் வர வேண்டுமே என்றார்கள். அப்படியானால் மனைவியை ஏற்கனவே இழந்த ஒருவர் இருந்தால் அவருக்கு இந்தச் சுழியால் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கணக்கு சரியாக இருந்தது. அப்படி ஒருவர் துறையில் இருந்தார், போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க தம்பி" என்றார். "நாளைக்குக் கேட்டு வர்றவன், இந்த மாட்டாலதான் ஆத்தா போய்ச் சேர்ந்தான்னு பேசுவான். அது போனப்ப என்கிட்ட மாடே கிடையாது. ஆனா பேசுவான்."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் அந்தக் காளை சும்மா நின்றது. புல்லும் தவிடும் கொட்டகை வாடகையும் பையிலிருந்து போய்க்கொண்டிருந்தன. நான் மூட்டை தூக்கப் போகலாம் என்றால் காளைக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. தினமும் காலையில் அதன் சுழியை உட்கார்ந்து பார்ப்பேன். மனிதர் உச்சந்தலையில் இருப்பது போல ஒரு சுழி, அவ்வளவுதான். இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றும் நான் நினைக்கிறேன். ஆனால் நான் வாங்கியிருக்க வேண்டியது இழுக்கிற மாட்டை அல்ல, கூட்டுச் சேருகிற மாட்டை என்பது அப்போதுதான் உறைத்தது. தனியாக எத்தனை பலம் இருந்தாலும் பாதி வண்டி ஓடாது.

கடைசியில் கோப்பிக்கடைக்குப் போனேன். தரகர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கண்ணே. மாப்பிள்ளைக்குப் பொண்ணு கிடைச்சுதா?"

"வித்துக் கொடுங்க தம்பி."

"தமிழாளுங்க வாங்க மாட்டாங்க. அரிசிக் கிட்டங்கிச் சீன முதலாளி ஒருத்தர் இருக்கார், தவுக்கே. சொந்த வண்டி, சொந்த மாடு, யாரோடயும் கூட்டு இல்ல. என்ன விலை நினைச்சிருக்கீங்க?"

நான் வாங்கிய விலை, தீனிச் செலவு, அலைந்ததற்கு ஒரு வெள்ளி எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தேன். "நாப்பத்து நாலு" என்றேன்.

அவர் கையை அசைத்தார். "அந்த நம்பரை அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. சீன பாஷைல நாலும் சாவும் ஒரே மாதிரி கேட்கும். ஒரு நாலுன்னா பொறுத்துக்குவார், நாப்பத்து நாலுன்னா ரெண்டு சாவு. மாட்டைப் பார்க்காமலே அனுப்பிடுவார்."

"அவருக்கும் ஒரு சுழியா?"

"எல்லாருக்கும் உண்டுண்ணே. யாருக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிறதுதான் என் பொழப்பு."

தவுக்கே வந்து காளையின் காலையும் பல்லையும் பார்த்தார். முதுகைத் தட்டினார். அவருடைய உள்ளங்கை அந்தச் சுழியின் மேலேயே விழுந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து கேட்டு நாற்பத்து மூன்றில் முடிந்தது. தீனிச் செலவு வரை திரும்பி வந்தது. தரகுதான் நஷ்டம். முதலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த அதே தரகு.

கோப்பிக்கு நான்தான் காசு கொடுத்தேன். தரகர் தன் இரண்டு பங்கையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார். "மிச்சத்தை என்ன செய்யப் போறீங்க? பாக்கு இன்னும் இருக்கு."

"தம்பி, ஒரு ஏற்பாடு செய்யலாமா? வாங்குறதை நானே வாங்கிக்கிறேன். வாங்குறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்கிறேன். வேணும், வேணாம், அதை மட்டும் சொல்லுங்க. சொன்னதுக்குக் காசு."

"வேணாம்னு சொன்னாலுமா?"

"வேணாம்னு சொன்னா கொஞ்சம் கூடவே."

அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "இப்படி யாரும் கேட்டதில்லண்ணே. வேணாம்னு சொல்லி இதுவரைக்கும் நான் ஒரு காசு பார்த்ததில்ல. அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னேனே, எனக்கு என்ன கிடைச்சுச்சு?"

ஒன்றும் கிடைக்கவில்லை. அதைத்தான் நான் அன்று மரத்தடியில் நின்று கணக்குப் போட்டேன். ஒன்றும் கிடைக்காது என்பதால் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். ஒன்றும் கிடைக்காததால் உண்மையாகவும் இருக்கலாம் என்ற பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"சரி, ஆரம்பிக்கலாம்" என்றார் அவர். "பாக்கைக் கேளுங்க."

"பாக்குல போடலாமா?"

அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்ப வேணாம்" என்றார். பிறகு தன்மேலேயே கோபம் வந்தவர் போல, "எடுங்க காசை" என்று கையை நீட்டினார். பத்துக் காசு கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்ற காசுகளோடு சேர்க்காமல் இன்னொரு பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு, இது காசில்லாம. தவுக்கேயோட வண்டியாள் போன வாரம் வேலையை விட்டுட்டுப் போயிட்டான். உங்க மாட்டுக்கு ஆள் வேணுமாம். கூலி தினம் கொடுத்துடுவார். பணத்தை இடுப்புலயே வச்சுக்கிட்டு, ஊரைக் கொஞ்ச நாள் பாருங்க."

மறுநாள் காலையில் அரிசிக் கிட்டங்கிக்குப் போனேன். செவலை என்னைக் கண்டதும் காதை ஆட்டியது. தவுக்கேயின் கறுப்பு மாட்டோடு அதைப் பூட்டி, ரங்கூன் அரிசி ஏற்ற வண்டித்துறைக்கு ஓட்டினேன். வெற்றிலைக்காரரின் மனைவி அங்கே நின்றார். மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வித்துட்டேன்கா. இப்பக் கூலிக்கு ஓட்டுறேன்" என்றேன். "கூலிக்காரனுக்குச் சுழி பிடிக்குமா?"

அவர் அதை நிஜமாகவே யோசித்தார். "சொந்தக்காரனைத்தான் பிடிக்கும்" என்றார். வெற்றிலைக்காரர், "கயிறு யார் கையில இருக்கோ அவனைத்தான்" என்றார். பக்கத்து வண்டிக்காரன் மூன்றாவதாக ஒன்று சொன்னான். மூவரும் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். முடிவைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கூலியாளின் தோளில் முதல் மூட்டை வந்துவிட்டது. நான் அதை வண்டிக்குள் இழுத்து அடுக்க ஆரம்பித்தேன்.